கடைசி ஐந்து சுற்று!



மரியோவை உங்களுக்குத் தெரியும். சிவப்புத் தொப்பி, பெரிய மீசை, எம்பி எம்பிக் குதித்துக் காசு எடுப்பாரே... அவரேதான்! அவரும் அவருடைய தம்பி லூயிஜியும் குழாய்க்குள் புகுந்து, ஆமைகளை மிதித்து, இளவரசியைக் காப்பாற்றப் போகும் விளையாட்டை உங்கள் வீட்டில் சித்தப்பாவோ மாமாவோ சின்ன வயதில் டிவியில் விளையாடியிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு பெரிய குறை உண்டு. இரண்டு பேர் விளையாடலாம் என்று போட்டிருக்கும். ஆனால், ஒருவர் விளையாடும்போது மற்றவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மரியோ செத்தால்தான் லூயிஜிக்கு வாய்ப்பு! அண்ணன் விளையாட, 'சீக்கிரம் குழியில் விழ மாட்டானா' என்று தம்பி மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பான்.

அதே மரியோ, நான்கு பேரை ஒரே நேரத்தில், ஒரே டிவிக்கு முன்னால் உட்கார வைத்த கதையைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். விளையாட்டின் பெயர், 'மரியோ பார்ட்டி!' முதல் பாகம் 1998 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. 2024 அக்டோபரில், 'சூப்பர் மரியோ பார்ட்டி ஜம்போரி' வந்தது. இடையில் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. முதல் பாகத்தைப் பத்து வயதில் விளையாடிய பையனுக்கு இப்போது அந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம்.

மரியோவின் சொந்தக்காரர் நின்டெண்டோ நிறுவனம். ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ல் தொடங்கப்பட்டபோது, அது வீடியோ கேம் கம்பெனி இல்லை. பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு தயாரிக்கும் கடை! அதாவது, நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து விளையாடும் சமாசாரம்தான் அவர்களுடைய பரம்பரைத் தொழில். 1996ல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த 'நின்டெண்டோ 64' என்ற பெட்டியின் முன்பக்கத்தில், கன்ட்ரோலர் செருக நான்கு துளைகள் இருந்தன. அதற்கு முந்தைய பெட்டியில் இரண்டுதான்.

துளை நான்கு இருந்தால் போதுமா? நான்கு பேரும் சேர்ந்து உட்கார ஒரு காரணம் வேண்டாமா? அந்தக் காரணத்தைச் செய்து கொடுத்தது, வடக்கே பனி கொட்டும் சப்போரோ நகரில் இருந்த 'ஹட்சன் சாஃப்ட்' என்ற நிறுவனம். குண்டு வைத்து விளையாடும் 'பாம்பர்மேன்' இவர்களுடைய படைப்புதான். இவர்கள் 1973ல் கடை தொடங்கியது, ரேடியோ சாமான்கள் விற்பதற்காக! முதலாளிகளான அண்ணன், தம்பி இருவருக்கும் நீராவி ரயில் என்றால் உயிர். 'ஹட்சன்' என்பது ஒரு வகை ரயில் இன்ஜினின் பெயர். அதையே கம்பெனிக்கு வைத்துவிட்டனர். கொடுத்து வைத்தவர்கள்!

சரி... விளையாட்டுக்கு வருவோம்.

டிவி திரையில் ஒரு பெரிய படம் விரியும். தீவு, காடு, பிறந்த நாள் கேக் என்று ஒவ்வொரு படமும் ஒரு மாதிரி. அதில் பாதை, பாதை முழுவதும் கட்டங்கள். பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணுக்குக் காய் நகரும். 'அட, நம்ம பரமபதம்!' என்கிறீர்களா? கிட்டத்தட்ட அதேதான். ஜப்பானில், 'சுகோரோக்கு' என்ற பெயரில் இப்படிப்பட்ட படம் போட்ட பகடை விளையாட்டு பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. புத்தாண்டு நாட்களில் குடும்பத்தோடு விளையாடுவர்.

நீலக் கட்டத்தில் நின்றால் மூன்று காசு கிடைக்கும். சிவப்பில் நின்றால் மூன்று காசு போகும். 20 காசு சேர்த்து, படத்தில் நட்சத்திரம் இருக்கும் இடத்துக்குப் போனால் ஒரு நட்சத்திரம் வாங்கலாம். கடைசியில் யாரிடம் அதிக நட்சத்திரமோ, அவருக்கு வெற்றி.

நான்கு பேரும் ஒரு முறை பகடை உருட்டி முடித்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு குட்டி விளையாட்டு வரும். ஒரு நிமிடம், அதற்கும் குறைவு. கயிறு இழுத்தல், பந்தின் மேல் நின்று மோதுதல், காளான் மேல் ஓடிப்போய் நிற்றல்... முதல் பாகத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேல் இருந்தன. ஜெயித்தால் பத்து காசு.

இந்த இடத்தில்தான் ஹட்சன்காரர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கின்றனர். குட்டி விளையாட்டில் யார், யாரோடு சேர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. நீங்கள் நிற்கும் கட்டத்தின் நிறம் முடிவு செய்யும்! இரண்டு பேர் நீலத்தில், இரண்டு பேர் சிவப்பில் நின்றால், இரண்டுக்கு இரண்டு. மூன்று பேர் நீலம், ஒருவர் சிவப்பு என்றால், அந்த ஒருவரை எதிர்த்து மூவர். எல்லாரும் ஒரே நிறம் என்றால், ஆளுக்கு ஆள் போட்டி.

இதன் அர்த்தம் புரிகிறதா? போன சுற்றில் உங்கள் காசைத் திருடிய அக்காவோடு, இந்தச் சுற்றில் நீங்கள் கூட்டு! இரண்டு பேரும் சேர்ந்து துடுப்புப் போட்டால்தான் படகு நேராகப் போகும். 'நீ பேசாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், ஒரு நிமிடத்தில், 'இடது பக்கம், இடது பக்கம்' என்று கத்திக்கொண்டிருப்பர். அடுத்த சுற்றில் மறுபடியும் எதிரி. பள்ளியில் கட்சி பிரிந்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. இங்கே மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கட்சி மாறும்.

திருடுவது என்றேனே... 'பூ' என்று ஒரு பாத்திரம் உண்டு. நம் காதுக்கு மலர் மாதிரி கேட்கிறது. ஆனால் அது வெள்ளை வெளேர் என்று ஒரு பேய்! அதைக் கடந்து போகிறவர், மற்றவரிடமிருந்து காசைத் திருடி வரச் சொல்லலாம். 50 காசு கொடுத்தால் நட்சத்திரத்தையே திருடித் தரும். இன்னொரு கட்டம் இன்னும் மோசம். அதில் மூன்று பெட்டிகள் சுழலும். ஒன்றில் ஒருவர் முகம், இன்னொன்றில் இன்னொருவர் முகம், நடுவில் என்ன கொடுக்க வேண்டும் என்பது. முட்டி நிறுத்தினால், 'யோஷியின் எல்லா நட்சத்திரமும் லூயிஜிக்கு' என்று கூட வரலாம். யோஷி ஒரு தப்பும் செய்திருக்க மாட்டான். ஓரமாக நின்றிருப்பான், பாவம்!

பிறகு வரும், கடைசி ஐந்து சுற்று. மேளதாளத்தோடு அறிவிப்பார்கள். அதிலிருந்து நீலம் என்றால் ஆறு காசு. சிவப்பு என்றால் ஆறு காசு காலி. பின்தங்கியவர்கள் நிமிர்ந்து உட்காருவர். முதலில் இருப்பவர் நகம் கடிக்க ஆரம்பிப்பார்.

அதோடு முடிகிறதா? இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு, மூன்று போனஸ் நட்சத்திரங்கள்! குட்டி விளையாட்டுகளில் அதிகக் காசு சம்பாதித்தவருக்கு ஒன்று. ஆட்டத்தில் எப்போதாவது ஒரு நேரத்தில் மிக அதிகமாகக் காசு வைத்திருந்தவருக்கு ஒன்று. கேள்விக்குறி போட்ட கட்டத்தில் அதிக முறை நின்றவருக்கு ஒன்று. கடைசி நட்சத்திரத்தைக் கவனியுங்கள். கேள்விக்குறிக் கட்டத்தில் நிற்க எந்தத் திறமையும் தேவையில்லை. பகடை அப்படி விழ வேண்டும், அவ்வளவுதான்.

இளவரசி பீச்சிடம் நான்கு நட்சத்திரம். யோஷியிடம் இரண்டு. மூன்று போனசும் யோஷிக்குப் போனால்? ஐந்து! ஒரு மணி நேரம் முன்னணியில் இருந்த பீச் தோற்றாயிற்று.

'இது அநியாயம்!' என்று கத்தத் தோன்றுகிறதா? இருபத்தைந்து ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதையேதான் கத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்த விளையாட்டால் அண்ணன், தம்பி சண்டை, சிநேகிதர்கள் 'கா' விட்டது எல்லாம் மிகவும் பிரசித்தம். முதல் பாகத்தின் கதையே சண்டையில்தான் தொடங்குகிறது. 'நம்மில் யார் சூப்பர் ஸ்டார்?' என்று மரியோவும் கூட்டாளிகளும் அடித்துக்கொள்வார்கள்!

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். போனஸ் நட்சத்திரம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது.

ஒரு வீட்டில் நான்கு பேர். அண்ணனுக்கு வயது 14, அக்காவுக்கு 12, தம்பிக்கு 9, பாட்டிக்கு 65. கார் பந்தய விளையாட்டு போட்டால், அண்ணன்தான் ஜெயிப்பான். நாளைக்கும் ஜெயிப்பான். மூன்றாவது நாள் பாட்டி, 'எனக்கு வேலை இருக்குப்பா' என்று எழுந்து போய்விடுவார். நான்காவது நாள் தம்பி அழுவான். ஐந்தாவது நாள், அண்ணன் தனியாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பான். திறமை மட்டுமே ஜெயிக்கும் ஆட்டத்தில், வயதும் பழக்கமும் வேறு வேறாக இருக்கும் நான்கு பேர் ரொம்ப நாள் சேர்ந்து உட்கார முடியாது. பகடை நடுவில் வந்தால்தான் பாட்டிக்கு ஒரு நாள் கிடைக்கும்.

எதிர்க் கட்சியும் சும்மா இல்லை. 'குட்டி விளையாட்டை நாள் முழுக்கப் பழகினேன். பதினைந்தில் பன்னிரண்டு ஜெயித்தேன். கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் என்னைத் தோற்கடித்தால், பழகியதற்கு என்ன மரியாதை?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உழைத்தவருக்கு அது வலிக்கும். அதனால்தான் பல பாகங்களில், போனஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ள வசதி செய்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன் நான்கு பேரும் பேசி ஒப்புக்கொண்டால் எந்த விதியும் நியாயம்தான். தோற்ற பிறகு விதியை மாற்றச் சொல்வதுதான் அழுகுணி ஆட்டம்!

இந்த விளையாட்டில் நிஜமாகவே வலித்த ஒரு விஷயமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால், பாராட்டு மட்டும் எழுதிய மாதிரி ஆகிவிடும்.

நின்டெண்டோ 64 கன்ட்ரோலரின் நடுவில், கட்டைவிரலால் அசைக்க ஒரு குட்டி ஸ்டிக் இருக்கும். கெட்டியான பிளாஸ்டிக். முதல் பாகத்தின் சில குட்டி விளையாட்டுகளில், அந்த ஸ்டிக்கை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறோமோ, அவ்வளவு பலம். கயிறு இழுக்கும் போட்டி அப்படித்தான். ஒருவர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்; தோற்றால் பள்ளத்தில் விழ வேண்டும். கட்டைவிரல் வேகம் போதவில்லை. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? உள்ளங்கையை ஸ்டிக்கின் மேல் வைத்து, மாவு அரைக்கிற மாதிரி அரைத்தார்கள். வேகம் வந்தது. கூடவே கொப்புளமும் வந்தது! தோல் உரிந்து, கை எரிந்து, அமெரிக்காவில் பெற்றோர் புகார் செய்தார்கள்.

விஷயம் நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வரை போனது. 2000 மார்ச்சில் நின்டெண்டோ ஒப்பந்தத்துக்கு வந்தது. அமெரிக்காவில் அந்த விளையாட்டை வாங்கியவர்கள் கேட்டால், கையுறை இலவசமாகத் தர வேண்டும். ஒரு வீட்டுக்கு நான்கு வரை! விசாரணைச் செலவுக்காக 75,000 டாலரும் கொடுத்தார்கள். வீடியோ கேம் விளையாடக் கையுறை... கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். கொப்புளம் வந்த எட்டு வயதுக் குழந்தைக்குச் சிரிப்பு வந்திருக்காது.

இரண்டாம் பாகம் 1999 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது, ஸ்டிக் சுழற்றும் விளையாட்டுகளை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டனர். பிறகு பழைய பாகங்களைப் புதுப் பெட்டிகளில் மறுபடி கொண்டுவந்தபோது கூட, முதல் பாகம் 2022 நவம்பர் வரை வரவேயில்லை. 2021ல் வந்த, 'மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ்' பாகத்தில் அந்தக் கயிறு இழுக்கும் போட்டி திரும்ப வந்தது. உள்ளங்கையால் சுழற்றாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு! அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். வேகமாகச் சுழற்றினால் ஜெயிக்கலாம் என்று விதி வைத்துவிட்டு, கையைப் பார்த்துக்கொள் என்றால், ஆட்டத்தின் சூட்டில் எந்தப் பிள்ளை கேட்கும்?

நடுவில் வந்த பாகங்களை ஒரு ஓட்டமாகப் பார்த்துவிடலாம். 2004ல் வந்த ஆறாம் பாகத்தோடு ஒரு மைக் கொடுத்தார்கள். அதில் பேசி விளையாடலாம். 2005ல் ஏழாம் பாகத்தில் எட்டு பேர் விளையாடலாம். துளை நான்குதானே? ஒரு கன்ட்ரோலரை இரண்டு பேர், ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்! கையோடு கை இடிக்க விளையாடுவதில் தனி ருசி இருந்திருக்கும்.

2007ல் எட்டாம் பாகம். அதில் ஒரு ரயில் வரும். ஒரு மந்திரவாதி மந்திரம் போட்டு ரயில் பெட்டிகளை இடம் மாற்றுவான். அந்த மந்திரத்தில் ஓர் ஆங்கிலச் சொல். மூளை முடக்குவாதத்தால் கை, கால் விறைத்துப் போகும் குழந்தைகளைக் குறிக்க ஒரு காலத்தில் டாக்டர்கள் பயன்படுத்திய சொல் அது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் அதை வசவாக மாற்றிவிட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்காக உழைக்கும் அங்குள்ள பெரிய சங்கம், தன் பெயரிலேயே இருந்த அந்தச் சொல்லை 1994ல் நீக்கிவிட்டது. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அத்தனை கூர்மை இல்லை; அங்கே விளையாட்டு வந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிரிட்டனில் ஜூலை 13ம் தேதி கடைக்கு வந்தது. உடனே திரும்பப் பெற்றார்கள். அந்த ஒரே ஒரு சொல்லை மாற்றி, மறுபடியும் வெளியிட்டார்கள். மந்திரவாதி சொல்லும் வேடிக்கை மந்திரம்தானே என்று விட்டுவிடவில்லை.

2012ல் இரண்டு மாற்றங்கள். ஹட்சன் நிறுவனம் வேறொரு பெரிய கம்பெனியோடு இணைக்கப்பட்டு, அந்தப் பெயரே மறைந்தது. ஒன்பதாம் பாகத்தை, 'என்.டி. கியூப்' என்ற நிறுவனம் செய்தது. பழைய ஹட்சன்காரர்கள் பலர் அங்கே போயிருந்தனர். அவர்கள் ஒரு புதுமை செய்தார்கள். நான்கு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டார்கள்! யார் பகடை உருட்டினாலும் எல்லாரும் சேர்ந்து நகர்வர். யாரும் பின்தங்க முடியாது; யாரும் முந்தவும் முடியாது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் வரும் குட்டி விளையாட்டும் போயிற்று. அதற்கான கட்டத்தில் நின்றால்தான் வரும்.

ஆட்டம் சீக்கிரம் முடிகிறது என்று சிலருக்குப் பிடித்தது. பழைய ரசிகர்களோ முகம் சுளித்தார்கள். நான் அவர்கள் பக்கம். நீ வடக்கே போ, நான் கிழக்கே போகிறேன், நட்சத்திரம் யாருக்கு என்று பார்ப்போம் என்பதுதானே இந்த விளையாட்டின் உயிர்? சண்டை வராமல் இருக்க எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டால், ஜன்னல் சீட்டுக்குத்தான் சண்டை! 2015ல் பத்தாம் பாகத்திலும் அதே வண்டி ஓடியது. 2018ல், 'சூப்பர் மரியோ பார்ட்டி' வந்தபோது, வண்டியிலிருந்து எல்லாரையும் இறக்கி, மறுபடியும் தனித்தனியாக நடக்க விட்டார்கள். அது 2 கோடிக்கும் மேல் விற்றது.

கணக்குப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அந்த 2018 பாகத்தில் ஒரு விருந்து இருக்கிறது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சொந்தப் பகடை உண்டு. சாதாரணப் பகடையில் 1, 2, 3, 4, 5, 6. மரியோவின் பகடையில் 1, 3, 3, 3, 5, 6. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டுமே 21! அதாவது, சராசரியாக ஒரே தூரம்தான். ஆனால், மரியோவுக்கு 3 விழ வாய்ப்பு மூன்று மடங்கு. நட்சத்திரம் சரியாக மூன்று கட்டம் தள்ளி இருந்தால், எதை உருட்டுவீர்கள்? வாரியோவின் பகடை இன்னும் வேடிக்கை. நான்கு பக்கம் 6. மீதி இரண்டு பக்கத்தில் எண்ணே கிடையாது. நகரவும் முடியாது, இரண்டு காசும் போகும். அவனுடைய கூட்டுத்தொகை 24. சராசரியில் மரியோவை விட அவன் வேகக்காரன். ஆனால், மூன்றில் ஒரு முறை, நின்ற இடத்திலேயே நின்று காசை இழப்பான். ஒவ்வொரு முறை உருட்டும்போதும், சாதாரணப் பகடையா, சொந்தப் பகடையா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விழுவது அதிர்ஷ்டம், எந்தப் பகடையை எடுப்பது என்பது மூளை.

2024ல் வந்த ஜம்போரி பாகத்தில், அதிர்ஷ்டத்தின் கையைக் கட்டிப்போடும் தனி விதிமுறை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், போனஸ் நட்சத்திரம் எதற்குக் கிடைக்கும் என்பதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவர். பழைய விதியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, இருபத்தைந்து ஆண்டுச் சண்டையில் நின்டெண்டோ இரண்டு கட்சிக்கும் நாற்காலி போட்டுவிட்டது.

உங்கள் வீட்டில் வீடியோ கேம் பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓர் அட்டை, ஒரு பகடை, நீலம், சிவப்பு பென்சில் இருந்தால் போதும். நிறத்தை வைத்துக் கட்சி பிரிக்கும் விதியை நீங்களே போட்டு விளையாடலாம். குட்டி விளையாட்டுக்கு, ஒரு காலில் நிற்பது, நாக்குப் பிறழும் வாக்கியம் சொல்வது என்று எத்தனையோ இருக்கின்றன. போனஸ் நட்சத்திரம் எதற்கெல்லாம் கொடுப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பாட்டி ஜெயிக்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்